அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு

இரண்டு நாடுகளில் எது நல்ல நாடு என்று கேட்டால், முன்பெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒருவர் சம்பளத்தைச் சொல்வார், இன்னொருவர் சாலையைச் சொல்வார். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பார் ஒருவர். இங்கே காய்ச்சல் என்று படுத்தால் பக்கத்து வீட்டில் ரசம் வைத்துக் கொடுப்பார்கள், அங்கே கொடுப்பார்களா என்பார் எதிரில் இருப்பவர். கல்யாணப் பந்தியில் தொடங்கிய பேச்சு தாம்பூலப் பை வாங்கும்வரை ஓயாது. முத்து வந்தபிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. எண் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். பிறகு எதற்கு வாய் வலிக்கப் பேசுவது?

முத்து என்பது ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்தது வாழ்நலமானி. காதுக்குப் பின்னால், எலும்பு மேடாக இருக்கும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்கம், பயம், பசி, மகிழ்ச்சி, மூச்சு, சலிப்பு எல்லாவற்றையும் உள்ளிருந்தே படித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணாகப் போனில் காட்டிவிடும். வருமானம் எவ்வளவு, ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை என்றெல்லாம் அது கேட்காது. அந்த ஊரில் வாழும் ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் அதன் கேள்வி.

முதலில் நாடுகளைத் தரவரிசைப்படுத்தத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பிறகு காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள். பிறகு குடும்ப வழக்குகளுக்கு வந்தது. அப்பா ஒரு நாட்டிலும் அம்மா ஒரு நாட்டிலும் பிரிந்து இருந்தால், பிள்ளை ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. எந்த நாட்டில் எண் அதிகமோ அந்த நாட்டில் பிள்ளை. வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, குழந்தையைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதில்லை. இவ்வளவு கருணையான சட்டம் உலகத்திலேயே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

கோயமுத்தூர் ஒப்பீட்டு மையத்தில் எனக்கு வேலை. பெயர் ரங்கநாயகி, முதுநிலை ஒப்பீட்டாளர். பிள்ளைகளுக்கு முத்து ஒட்டுவது, கழற்றுவது, எண்ணைப் படித்துச் சொல்வது. ஆரம்பத்தில், தோற்ற பெற்றோர் அழுதால் நானும் சேர்ந்து அழுவேன். இப்போது டிஷ்யூ டப்பாவை அவர்கள் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். பல்லில் மரத்துப்போகும் ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாகவே இருக்காதே, அதுபோல. இருக்கும், ஆனால் தெரியாது.

நம் ஊர்க்காரர்கள் முத்தைப் படுத்திய பாட்டை எழுதினால் தனிப் புத்தகமாகும். வெளிநாட்டு இன்ஜினியர்கள் பனியில் வைத்துச் சோதித்தார்கள், வெந்நீரில் போட்டுச் சோதித்தார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நல்லெண்ணெய் பட்டதும் முத்து வழுக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போய்விடும். சனிக்கிழமை காலையில் மையத்தின் வாசலில் தலை பளபளக்கும் பிள்ளைகளோடு வரிசை நிற்கும். எண் நன்றாக ஏறுகிறதென்றால் கண் பட்டுவிடும் என்று முத்துக்கு மேலேயே மையால் பொட்டு வைத்த அம்மாக்களும் உண்டு. எண்ணை ஏற்றுவதற்காக நாய்க்குட்டி வாங்கித் தந்த ஓர் அப்பா இருந்தார். எண் விறுவிறுவென்று ஏறியது. நாய்க்குட்டி லாரியில் அடிபட்டதும் வழக்கும் அதோடு போய்விட்டது.

சஷ்டிகாவின் வழக்கு இப்படியெல்லாம் இல்லை. அவளுக்கு ஒன்பது வயது. அம்மா வளர்மதி ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டர். அப்பா தெய்வசிகாமணி ஃபின்லாந்தில் தாம்பெரே என்ற ஊரில் லிஃப்ட் கம்பெனி இன்ஜினியர். இருவரும் நல்ல மனிதர்கள். சேர்ந்து இருக்கத்தான் முடியவில்லை. சஷ்டிகா முதல் ஆறு மாதம் அப்பாவிடம் இருந்தாள், அடுத்த ஆறு மாதம் அம்மாவிடம். முடிவு வந்த அன்று இயக்குநர் சபாபதி என் மேஜைக்கே வந்துவிட்டார். அவர் தன் அறையை விட்டு எழுந்து வருவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான்.

"நாயகி மேடம், பாத்தீங்களா? தாம்பெரே அறுபத்திரெண்டு, கோயமுத்தூர் அறுபத்திரெண்டு. புள்ளிக்குப் பின்னாடிகூட வித்தியாசம் இல்ல!"

"பாத்தேன் சார். மிஷின்ல ஏதோ கோளாறு."

"வாயக் கழுவுங்க. ஒரே கொழந்த, ஒரே மனசு, ரெண்டு நாடு. இதவிடச் சுத்தமான ஒப்பீடு எங்கயாச்சும் உண்டா? இத்தனை வருஷமா அவங்க மேல, நாம கீழ. இன்னிக்குச் சரிசமமா நிக்கறோம். அமைச்சர் ஆபீஸ்ல இருந்து ரெண்டு தடவ போன் வந்துருச்சு. அடுத்த வாரம் பத்திரிகைக்காரங்களக் கூப்பிடறோம்."

"அந்தப் பிள்ளை யார்கிட்டப் போறதுங்கறது இன்னும் முடிவாகலையே சார்."

"அதுக்குத்தான் விதி இருக்குல்ல? சமமா வந்தா இன்னொரு சுத்து. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. வித்தியாசம் வர்ற வரைக்கும் நடத்த வேண்டியதுதான்."

அவர் போனபிறகு சஷ்டிகாவின் வரைபடத்தைத் திறந்தேன். சாதாரணமாகப் பிள்ளைகளின் வரைபடம் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி இருக்கும். ஐஸ்கிரீமுக்கு ஓர் உச்சி, கணக்குப் பரீட்சைக்கு ஒரு பள்ளம். இவளுக்கு முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருந்தது; பழகும் காலம் என்று அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு கோடு மெல்ல அடங்கி, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராகிவிட்டது. ஆறு மாதம் கழித்து விமான நிலையத்தில் அம்மாவைப் பார்த்த அன்றும் நேர்கோடு. தீபாவளி அன்றும் நேர்கோடு. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் ஐந்து தையல் போட்டிருக்கிறார்கள், அன்றும் அதே கோடு. முடிவுக்காக மையத்துக்கு வந்திருந்த அவளிடமிருந்து முத்தைக் கழற்றி, ஒரு நிமிடம் என் காதில் ஒட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப அவளுக்கே ஒட்டினேன். எனக்கு நாற்பத்தொன்று காட்டியது. நம்பும்படியாகத்தான் இருந்தது.

ஆக, கோளாறு முத்தில் இல்லை.

மறுநாள் சஷ்டிகாவை மட்டும் என் அறைக்குக் கூட்டிவரச் சொன்னேன். நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கால் தழும்பு பாவாடைக்குக் கீழே தெரிந்தது.

"இது தைக்கறப்ப வலிக்கலையா கண்ணு?"

"வலிச்சுது ஆன்ட்டி. ஆனா அது அங்க வலிச்சுது."

"அங்கன்னா?"

"கால்ல. நான் அங்க போகல."

நான் கேட்டது அவளுக்குச் சாதாரணமாக இருந்தது. அவள் சொன்னது எனக்கு அப்படி இல்லை. எங்கே போகவில்லை, எப்படிப் போகாமல் இருந்தாள் என்று மெதுவாகக் கேட்டேன். சமையல் குறிப்புச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மொதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு மேடு இருக்கு. பனி விழுந்ததும் எல்லாரும் சறுக்கு வண்டி எடுத்துட்டு வருவாங்க. கீழ வரப்ப சிரிப்பு தானா வந்துரும். அப்பா போனப் பாத்துட்டு 'எழுபத்தொம்போது!'ன்னு கத்துனாரு. என்னத் தூக்கிச் சுத்துனாரு. 'அம்மாகிட்ட இது வராதுடா தங்கம்'னாரு. அப்ப எனக்கு அம்மா ஞாபகம் வந்துருச்சு. ஒடனே நம்பர் கொறஞ்சுருச்சு. அப்பாவுக்கு மொகமே சின்னதாயிருச்சு."

"அப்பறம்?"

"அன்னிக்குத்தான் கண்டுபுடிச்சேன் ஆன்ட்டி. நான் சிரிச்சா அம்மா தோத்துருவாங்க. அழுதா அப்பா தோத்துருவாரு. அதனால ரெண்டும் வேண்டாம்னு வெச்சுட்டேன். உள்ள ஒரு எடம் இருக்கு. அங்க போயி உக்காந்துட்டா, யாரோ வேற புள்ளைக்கு நடக்கற மாதிரி இருக்கும். வெளிய சிரிச்சுக்கலாம். அப்பாவுக்குத் தெரியாது. இங்க வந்ததும் அம்மாவும் போனத்தான் பாத்தாங்க. பணியாரம் குடுத்துட்டுப் பாப்பாங்க. பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டுப் பாப்பாங்க. இங்கயும் அப்படியே இருந்துட்டேன்."

"ரெண்டு எண்ணும் ஒண்ணா வரணும்னு எப்படிக் கணக்குப் போட்டே?"

"கணக்கெல்லாம் இல்ல. ஒண்ணுமே இல்லாம இருந்தா அது அறுபத்திரெண்டுலயேதான் நிக்கும். நீங்க வேணா பாருங்க."

பார்க்க வேண்டிய அவசியமில்லை. வலி இல்லை, பயம் இல்லை, பசி இல்லை, தூக்கம் கெடவில்லை என்றால் அது நல்ல இடம் என்று முத்து எழுதிக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எதையும் உணராத ஒரு குழந்தைக்கு எங்கள் இயந்திரம் ஃபர்ஸ்ட் கிளாஸ் மார்க் போட்டிருக்கிறது.

"யாராவது இப்படிச் செய்யச் சொல்லிக் குடுத்தாங்களா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "எல்லாரும் கேப்பாங்கல்ல ஆன்ட்டி, உனக்கு அம்மா புடிக்குமா அப்பா புடிக்குமான்னு? விசேஷத்துக்குப் போனா கேப்பாங்க, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககூடக் கேப்பாங்க. ரெண்டு பேரையும்னு சொன்னா கன்னத்தக் கிள்ளிட்டு விட்டுருவாங்க. இது விடல. வாயில சொன்னா இதுக்குப் போதல."

எத்தனை குழந்தைகளிடம் நானே அதைக் கேட்டிருக்கிறேன்! பேச்சு வந்ததும் நாம் குழந்தைகளிடம் கேட்கும் முதல் கேள்வியே அதுதானே. அவை திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து எல்லோரும் சிரிப்போம். அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் மிளகு அளவுக்குச் செய்து, இரு நாட்டு முத்திரையும் குத்தி, காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம்.

"உனக்கு எந்த ஊர் கண்ணு பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அங்க ஸ்கூலுக்கு நானே நடந்து போவேன். ரோட்டுல கார் நிக்கும், நாம தாண்டற வரைக்கும். இங்க வேன்ல நாங்க பதினாலு பேரு, பாட்டுப் பாடிட்டே போவோம். அங்க ராத்திரி ரொம்ப நீளம். இங்க ராத்திரியே இல்ல, எப்பப் பாத்தாலும் ஹாரன். ரெண்டும் நல்லா இருக்கும்னு நெனைக்கறேன்."

நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. நன்றாக இருக்கும் என்று நினைக்கிறாள். போகாத ஊரைப் பற்றிச் சொல்வதுபோல.

இதை மறைத்தால் பாவம் என்று தோன்றியது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. முடிவு கேட்க அப்பாவும் தாம்பெரேயிலிருந்து வந்திருந்தார். பெற்றோர் இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடத்தையும் காட்டினேன். வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். சிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். டிஷ்யூ டப்பாவை நடுவில் வைத்தேன். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை. இருவரில் ஒருவராவது சரியானதைச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

வளர்மதிதான் முதலில் பேசினாள். "அப்படின்னா மேடம், இங்க எங்கூட இருந்தப்ப அவ சந்தோஷத்த மறைச்சிருக்கான்னுதானுங்களே அர்த்தம்? மறைக்காம இருந்திருந்தா அறுபத்திரெண்டா வந்திருக்கும்?"

"அங்க மட்டும் மறைக்கலீங்களா?" என்றார் சிகாமணி. "எழுபத்தொம்போது வந்துச்சுங்க மேடம், என் கண்ணால பாத்தேன். அதுதான் நெசமான நம்பர்."

"இங்க வந்தப்ப அவ ஏற்கெனவே பழகிட்டு வந்துட்டா. அங்க போயித்தான் இப்படி ஆயிருக்கா."

"யாரு பழக்குனது? நானா?"

"சண்டை வேண்டாம்" என்றேன். "விதியில ஒரு வழி இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தர் விலகறதா கையெழுத்துப் போட்டா இன்னிக்கே முடிஞ்சிரும். முத்தைக் கழட்டிரலாம். லீவுக்கு லீவு போய்ப் பாத்துக்கலாம். அந்தப் பிள்ளை அந்த இடத்தை விட்டு வெளிய வரணும்னா வேற வழி எனக்குத் தெரியல."

அவர்கள் யோசித்தார்கள். நிஜமாகவே யோசித்தார்கள், அதை நான் சொல்ல வேண்டும். வளர்மதியின் கை ஒரு தடவை பேனா பக்கம் போனது.

"விட்டுக்குடுத்துட்டேன்னு வைங்க மேடம்," என்றாள். "நாளைக்குப் பெருசானதும் 'ஏம்மா என்னை வேண்டாம்னு எழுதிக் குடுத்தே'ன்னு கேட்டா நான் என்னங்க சொல்லுவேன்?"

சிகாமணி தலை குனிந்தபடி, "எனக்கும் அதேதாங்க," என்றார். பிரிந்தபிறகு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு பேரும் அடுத்த சுற்றுக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

சஷ்டிகாவை உள்ளே கூப்பிட்டோம். வளர்மதி மண்டிபோட்டு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, இனிமே ஒண்ணும் மறைக்க வேண்டாஞ்சாமி. அம்மாகூட இருக்கறப்ப மனசுல என்ன இருக்கோ அப்படியே இரு. அது போதும்."

"சரிம்மா."

சிகாமணி அவள் தலையைத் தடவினார். "அப்பாகிட்டயும் அப்படித்தான் தங்கம். உண்மையா இரு. யாரு ஜெயிக்கறாங்கன்னு நீ யோசிக்கவே கூடாது."

"சரிப்பா."

இரண்டு 'சரி'யும் ஒரே அளவு. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை.

முதல் ஆறு மாதம் மறுபடி தாம்பெரேயில். விமானத்துக்கு முன்னால் புது முத்து ஒட்ட வேண்டும். என் அறிக்கையைப் படித்த சபாபதி அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். பழையதைவிட ஆழமாகப் படிக்குமாம். பிள்ளைகள் ஏமாற்றினால் காட்டிக்கொடுத்துவிடுமாம். நான் எழுதிய அறிக்கைக்குக் கிடைத்த பலன் இது. கீழ்த்தளத்தில் பத்திரிகைக்காரர்களுக்குப் போண்டாவும் காபியும் போய்க்கொண்டிருந்தன. இரு நாட்டுக் கொடிகளையும் ஒரே உயரத்தில் கட்டச் சொல்லிச் சபாபதி ஏணிமேல் நின்ற ஆளிடம் கத்திக்கொண்டிருந்தது மாடிவரை கேட்டது.

சஷ்டிகா என் முன்னால் உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

"புதுசு எல்லாத்தையும் கண்டுபுடிச்சிருமா ஆன்ட்டி?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப இன்னும் நல்லாப் பழகணும்," என்றாள். வீட்டுப்பாடம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதுபோல.

பழைய முத்தைக் கழற்றினேன். ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்து, வட்டமாக இருந்தது. புது முத்து தயாராவதற்குச் சில நிமிடம் பிடிக்கும். விதிப்படி அந்த நேரத்தில் கதவைச் சாத்தி வைக்க வேண்டும். அப்பா வெளியே, அம்மா வெளியே. அவள் காதில் ஒன்றுமில்லை.

"சஷ்டிகா, இப்ப யாரும் அளக்கல," என்றேன். "யாருக்கும் நம்பர் போகாது. அழணும்னா அழு. கத்தணும்னா கத்து. இந்த மேஜையில இருக்கறதை எல்லாம் தூக்கிப் போட்டு உடைக்கணும்னாலும் உடை. ஆன்ட்டி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்ய முயன்றாள். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"கழட்டுனதுக்கு அப்பறம் எவ்வளவு நேரம் ஆகும் ஆன்ட்டி?"

"எதுக்குக் கண்ணு?"

"திரும்பி வர்றதுக்கு."

அளக்கும் வித்தையெல்லாம் எங்களிடம் உண்டு. இதற்கு யாரிடமும் பதில் கிடையாது. கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. எத்தனையோ வருடமாக வராதது, மேஜையைப் பிடித்துக்கொள்ளும்படி வந்தது. ஒரு குழந்தை முன்னால் அப்படி அழக்கூடாது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

சஷ்டிகா பயப்படவில்லை. எழுந்து வந்து டப்பாவிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி என் கையில் கொடுத்தாள். மூடிய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சீக்கிரம் தொடச்சுக்கோங்க ஆன்ட்டி," என்றாள் ரகசியமாக. "யாராச்சும் தோத்துருவாங்க."